துவக்கு வீட்டு மருமகன்

செப்டெம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் ஆள் இருக்காது. மனைவி, மாமனார், மைத்துனர் மூவரும் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவார்கள். மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம், வேட்டைக்காலம். கூர் நகரத்துக்கு மேலே இருந்த அந்தக் கிராமத்தில் அந்த நாட்களில் தபாற்காரரைக்கூடக் காண்பது அரிது, அவரும் வேட்டைக்காரர். நான் மட்டும் காலையில் மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் மலை இறங்கி, நகரத்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் அதே பஸ்ஸில் ஏறி வெறும் வீட்டுக்குத் திரும்புவேன்.

துவக்கு என்று எங்கள் பக்கத்தில் சொல்வது துப்பாக்கியைத்தான். எண்பதுகளில் மன்னாரில் இளந்தாரியாக இருந்த பலரையும்போல நானும் அதை முன்பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது நெஞ்சுக்கு நேரே தெரியும் ஒரு வட்ட ஓட்டை. அதன் பின்பக்கம் எப்படி இருக்கும், எப்படித் திறக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாமலே செத்துப்போக வேண்டும் என்றுதான் கடல் கடந்து வந்தேன். வந்து பெண் எடுத்த இடம் இப்படி வாய்த்தது.

அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்த சிநேகிதன் ஒருவன் துன் என்ற ஏரிக்கரை ஊரில் ஹோட்டல் வேலை செய்துகொண்டிருந்தான். தொலைபேசியில் வந்தால் முதல் வேலையாக என்னைச் சீண்டுவான். "டேய், இயக்கத்துக்கும் போகாம, ஆமியிட்டயும் அகப்படாம தப்பி வந்து, கடைசியில துவக்கு வீட்டு மருமகனாப் போயிட்டாயே" என்பான். நானும் சிரிப்பேன். சிரித்து முடித்துத் தொலைபேசியை வைத்தால் வீடு இன்னும் பெரிதாகிவிட்டதுபோல இருக்கும்.

இனி வரும் பேச்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் மூவரும் பேசியது மலைநாட்டு ஜெர்மன். இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது அது என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

நான் துவக்கின் பின்பக்கத்தைப் படித்தது என் மனைவியால். அவள் அதே ஆஸ்பத்திரியில் தாதி. கலியாணம் முடிந்த இரண்டாவது குளிர்காலத்தில், தானும் வேட்டைப் பரீட்சை எழுதப்போவதாகச் சொன்னாள். அந்தக் காலத்தில் பெண்கள் அந்தப் பரீட்சைக்குப் போவது குறைவு. தகப்பன் உள்ளுக்குள் பூரித்துப்போய், வெளியே ஒன்றும் சொல்லாமல் மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தார். ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டு மேசையில் அவள் படிக்க, நான் கேள்வி கேட்பேன். கலைமானின் பல் எத்தனை, மலையாட்டின் வயதைக் கொம்பில் எப்படிக் கணிப்பது, இப்படிப் போகும். அவளுக்கு மிருகங்கள் பிடித்திருந்தன. எனக்குத் துவக்குப் பாடம் பிடித்துப்போயிற்று.

ஏன் என்று அப்போது எனக்கு அவளிடம் சொல்லத் தெரியவில்லை, இப்போது சொல்கிறேன். துவக்கு வைத்திருப்பவனுக்கும் சட்டம் உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி. எந்தத் துவக்கையும் ரவை, அதாவது தோட்டா, ஏற்றியது என்றே நினைக்க வேண்டும். சுட விரும்பாத எதன்மீதும் அதன் வாயைத் திருப்பக் கூடாது. குறி பார்க்கும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. இதை வாசித்தபோது எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. என் நெஞ்சுக்கு நேரே எத்தனை பேர் எத்தனை தரம் அதைத் திருப்பி வைத்துக்கொண்டு வெற்றிலை மென்றிருப்பார்கள். உலகத்தில் ஒரு மூலையில் அது தவறு என்று அச்சடித்து, பரீட்சையும் வைக்கிறார்கள். நான் அந்தப் பாடத்தை ஞானோபதேசம் படிப்பதுபோல வரி பிசகாமல் மனப்பாடம் செய்தேன்.

அவள் பரீட்சையில் தேறினாள். அந்தச் செப்டெம்பரில் முதல் முறையாக மூவருமாக மலைக்குப் போனார்கள். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிக்கவும் உடுப்பு மாற்றவும் இறங்கி வந்தார்கள். நான் அடுப்படியில் நின்றேன். மாமனார் உள்ளே வந்து, தன் பழைய துவக்கை உட்காரும் வாங்கில் கிடத்திவிட்டு, "கோப்பி இருக்கோ?" என்று கேட்டார். துவக்கின் வாய் அடுப்பைப் பார்த்தது. அடுப்புக்கும் அதற்கும் நடுவில் நான்.

"மாமா, அது வெறுமையோ?" என்று கேட்டேன்.

"ஓம், வெறுமைதான்."

"பாத்தனீங்களோ?"

"பாக்கத் தேவையில்ல. எனக்குத் தெரியும். நாப்பது வருசமா வேட்டைக்குப் போறன்."

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதை என் உடைந்த ஜெர்மனில் மொழிபெயர்த்துச் சொன்னேன். மாமனார் சற்று யோசித்துவிட்டு, "இஞ்ச ஆனை இல்லையே" என்றார். மைத்துனர் சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த பாண் துண்டு தெறித்தது. மனைவியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கோப்பிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, துவக்கு வெளியே போனால்தான் கோப்பி உள்ளே வரும் என்று சொன்னேன்.

அன்று தொடங்கியது என் வாத்தியார் வேலை. எங்கள் வீட்டில் சப்பாத்தை வாசலில் கழற்றும் வழக்கத்தை ஏற்கெனவே கொண்டுவந்திருந்தேன். அதோடு இதையும் சேர்த்தேன். சப்பாத்துக்கு முதல் துவக்கு. வாயை வயல் பக்கம் நிலத்துக்குத் திருப்பி, பின்பக்கத்தில் ரவை போகும் வழியை மூடும் இரும்புப் பூட்டை இழுத்துத் திறக்க வேண்டும். ரவைகளை எல்லாம் எடுக்க வேண்டும். உள்ளே கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் பார்க்க வேண்டும். பிறகு பக்கத்தில் நிற்பவருக்குக் காட்ட வேண்டும். அவரும் பார்த்து "வெறுமை" என்று வாய்விட்டுச் சொன்ன பின்புதான் பூட்டைத் தனியே கழற்றிக்கொண்டு உள்ளே வரலாம். பூட்டு ஜன்னல் கட்டையில் வந்து உட்காரும்வரை மேசையில் சாப்பாடு வைக்கமாட்டேன்.

சாப்பாடுதான் என் பிரம்பு. மான் இறைச்சியை இவர்கள் வைன் ஊற்றி, ஏதோ இனிப்புப் பழம் போட்டுக் காய்ச்சுவார்கள். நான் மிளகாய்த்தூளும் பெருஞ்சீரகமும் போட்டுப் பிரட்டல் வைத்தால் மைத்துனர் சட்டியை வழித்து நக்குவார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்களே, நாற்பது வருட வேட்டைக்காரரின் கௌரவமும் அதோடு சேர்ந்து பறந்தது. முதலில் முகம் சுளித்தார். பிறகு முணுமுணுத்தார். இரண்டாம் வருடம் வாசலில் நின்று தானாகவே பூட்டை இழுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலை விட்டுப் பார்த்து, "மருமகன், வந்து பார்" என்று கூப்பிட்டார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நான் துன்காரனுக்குப் பெருமையடித்தேன்.

"வாத்தியார்தான் போ. ஆனா நீ ஒரு நாளாவது அவையளோட மேல போயிருக்கிறியோ?" என்று கேட்டான்.

போனதில்லை. முதல் வருடம் லீவு கிடைக்கவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் யாரும் என்னைக் கேட்கவில்லை. அதிகாலையில் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கமிருந்து வெடிச்சத்தம் வரும். இரண்டு மலைக்கும் நடுவில் அது முட்டி மோதி அடங்க நேரம் எடுக்கும். அந்தச் சத்தம் எனக்கு என்னென்னவோ செய்யும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வழியில் கண்டால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாதம் உங்களுக்குக் கஷ்டம்தான்" என்பாள். கஷ்டம்தான். ஆனால் அவள் நினைத்த கஷ்டம் வேறு. ஒவ்வொரு வெடியும் கேட்கும்போது அது யாருடையது, என்ன விழுந்தது, இப்போது மூவரும் சேர்ந்து எதற்குச் சிரிக்கிறார்கள் என்றுதான் நினைப்பேன். எனக்குத் தனிமையாக இருந்தது. அதற்குப் பயம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பயமும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அது ஒரே ஒரு பயம். மாமனாருக்கு எழுபது கடந்துவிட்டது. விரல்கள் மரத்துப்போவதாக அவரே சொல்வார். அவருடைய துவக்கு அவரளவுக்குக் கிழடு. மலையில் அவர்கள் தங்கும் வேட்டைக் குடிலில் இருப்பதோ ஒரே அறை. அதில்தான் என் மனைவி தூங்கினாள். வாசலில் நடக்கும் அந்தச் சின்னச் சடங்கு மேலேயும் நடக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நான் கீழே தூங்கினேன்.

நாலாவதோ ஐந்தாவதோ வருடம், வேட்டை முடிந்து ஒக்டோபரில், குடிலைப் பனிக்காலத்துக்கு மூட வேண்டியிருந்தது. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை முறை. மாமனாருக்கு முழங்கால் வலி. மைத்துனர் என்னிடம், "ஒருக்கா உதவிக்கு வாறியோ?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் ஒரு தயக்கம் இருந்தது. எனக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை. அழைத்தார்களே என்ற சந்தோஷத்தில் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஏறினேன்.

குடில் நான் நினைத்ததைவிடச் சிறியது. ஒரு மேசை, சுவரோரமாக ஒரு நீள வாங்கு, ஓர் இரும்பு அடுப்பு, அடுக்குக் கட்டில்கள். கதவுக்கு வெளியே ஒரு புல்வெளி, அதன் முடிவில் காடு. நான் தரையைக் கூட்டிக்கொண்டு வரும்போது, வாங்குக்கு மேலே சுவரில் ஒரு பலகை மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. மற்றப் பலகையெல்லாம் புகையேறிக் கறுத்துக் கிடக்க, இது மட்டும் அப்போதுதான் சீவியதுபோல. வாங்கின் முதுகிலும் ஒரு துண்டு வெட்டி ஒட்டப்பட்டிருந்தது.

"இதென்ன?" என்று கேட்டேன்.

"மரநாய் கடிச்சது" என்றார் மைத்துனர்.

மரநாய் பலகை கடிக்கும். ஆனால் மைத்துனர் பொய் சொல்லும்போது காது சிவக்கும். நான் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த வாங்கிலேயே உட்கார்ந்தேன். அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

மான்கள் அந்திக் கருக்கலில்தான் காட்டை விட்டுப் புல்வெளிக்கு வருமாம். அதுவும் இந்தக் குடிலின் வாசலுக்கு எதிரேயே. அதனால் மாமனார் பொழுது படும் நேரம் ரவை ஏற்றிய துவக்கைக் கதவுக்கு உட்பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் சூப் குடிப்பாராம். மான் தலை தெரிந்தால் கையை நீட்டி எடுத்துக்கொண்டு வெளியே இறங்கிவிடலாம். பூட்டைத் திறந்து, ரவை போட்டு, மூடி எடுப்பதற்குள் அந்தச் சத்தத்துக்கே மான் ஓடிவிடும். அவருடைய தகப்பனும் அப்படித்தான் வைத்தாராம். அந்த வருடச் செப்டெம்பரில் ஒரு மாலை என் மனைவி விறகை இரு கையாலும் அணைத்துக்கொண்டு காலால் கதவைத் தள்ளியிருக்கிறாள். துவக்கு சரிந்து விழுந்து வெடித்தது. ரவை வாங்கின் முதுகைத் துளைத்துக்கொண்டு சுவரில் ஏறியது.

"அவளுக்கு எவ்வளவு தூரத்தில?" என்று கேட்டேன்.

அவர் தன் கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண்.

"அப்ப, வாசல்ல பூட்டைத் திறந்து காட்டுற பழக்கம்?"

"அது வீட்டில" என்றார். "அது உன்ர மனசுக்காக. நீ பட்ட கஷ்டமே காணும் எண்டு நாங்கள் எல்லாரும் கதைச்சு வைச்சிருந்தனாங்கள். இதையும் உனக்குச் சொல்லுறேல்ல எண்டு முடிவெடுத்தது அதாலதான்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நான் வாத்தியார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னை நோயாளி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சுகமில்லாதவன் வீட்டில் மெதுவாக நடப்பதுபோல எனக்கு முன்னால் பூட்டைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். இத்தனை வருடமும் நான் படிப்பித்த பாடத்தை எனக்கு ஊட்டிய மருந்தாக மாற்றிவிட்டார்கள். தும்புத்தடியை அங்கேயே விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கினேன்.

மனைவி வேலையால் வந்து கோட்டைக் கழற்றுமுன்பே கேட்டுவிட்டேன். அவள் நின்றபடியே கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா நீர் நித்திரை கொள்ளமாட்டீர் எண்டுதான்..."

"நீர் செத்திருந்தா நான் நித்திரை கொண்டிருப்பனோ?"

"உமக்குத் துவக்கெண்டா என்ன நினைவு வரும் எண்டு எங்களுக்குத் தெரியாதோ? அதாலதான் உமக்காகச் செய்தனாங்கள்."

"எனக்காகவோ? நான் அடுப்படியில நிக்கிறவன். என்னை ஆர் சுடப்போறான்? உமக்காகத்தான் சொன்னனான். நான் பயந்து சொல்லேல்ல, படிச்சுச் சொன்னனான். நீர் எழுதின அதே பரீட்சை. கேள்வி கேட்டது நான்."

அவள் அழுதாள். நான் தேற்றவில்லை. அன்று என்னால் முடியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டோம். மரியாதை எவ்வளவு குளிரும் என்று அப்போது கண்டேன். மாமனார் மாடிப்படியில் என் காலடி கேட்டால் கீழே தன் கதவைச் சாத்திக்கொள்வார். மான் பிரட்டல் வைக்கும்போது உப்பைக்கூடச் சரியாகப் போடவில்லை. எவரும் குறை சொல்லவில்லை. துன்காரன் "வந்து கொஞ்ச நாள் என்னோட நில்லன்" என்று கூப்பிட்டான். போனேன். ஏரிக்கரையில் இரண்டு நாள் நடந்தேன். இங்கே நினைத்துக்கொண்டிருந்ததையே அங்கேயும் நினைத்துக்கொண்டிருந்ததால் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த செப்டெம்பரில் ஒரு கிழமை லீவு எடுத்தேன். "நானும் வாறன்" என்று சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. மேலே குடில் வாசலில் மூவரும் எனக்கு முன்னால் வரிசையாக நின்று, பூட்டைத் திறந்து, விரலை விட்டு, ஒருவருக்கொருவர் காட்டி, கோயிலில் நிற்பதுபோலச் செய்தார்கள். நான் நிற்பதால் செய்கிறார்களா, செய்ய வேண்டும் என்பதால் செய்கிறார்களா? நான் இல்லாத நேரத்தில் இவர்கள் என்ன செய்வார்கள் என்பதை நான் இருந்து பார்க்க வழியில்லை. இந்தச் சின்ன உண்மை விளங்க எனக்கு ஒரு மலை ஏற வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க இவர்களுக்குப் பின்னால் காவல் நாய்போலத் திரிய என்னால் ஏலாது.

மூன்றாம் நாள் அந்தியில் தண்ணீர் எடுக்கக் கீழே ஊற்றடிக்குப் போனேன். மாமனார் காட்டோரத்தில் காத்திருக்கப் போயிருந்தார். மைத்துனர் இன்னும் மேலே, மலையாட்டைத் தேடி. மனைவி குடிலில் சூப் வைத்துக்கொண்டிருந்தாள். ஊற்றில் தண்ணீர் நூலாக வந்தது. வாளி நிறைய நேரம் பிடித்தது. நான் திரும்பி ஏறிக் குடிலின் பின்பக்கச் சுவரை அடையும்போது முன்வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. மாமனார் வந்துவிட்டார். நான் வந்ததை அவர்கள் காணவில்லை.

"அப்பா, உள்ளுக்கு வராதேங்கோ. திறந்து காட்டுங்கோ" என்றது என் மனைவியின் குரல்.

வாசற்படியில் சப்பாத்து நின்றது. பிறகு கிழவர், "அவன் இஞ்ச இல்லையே" என்றார்.

"நான் இருக்கிறன்" என்றாள்.

பூட்டு இழுபடும் சத்தம் கேட்டது. ரவை ஒன்று பலகையில் விழுந்து உருண்டது. "உள்ளுக்கு ஒண்டு கிடந்திருக்கு" என்று மாமனார் தாழ்ந்த குரலில் சொன்னார். அவள், "விரலை விட்டுப் பாருங்கோ அப்பா. இப்ப எனக்குக் காட்டுங்கோ" என்றாள்.

எனக்கு ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. போகவில்லை. நான் போய் நின்றால் அது மறுபடியும் எனக்காக என்று ஆகிவிடும். வாளியைச் சத்தமில்லாமல் புல்லில் வைத்துவிட்டு, அவள் "வெறுமை" என்று சொல்லும்வரை குளிரில் சுவரோடு சாய்ந்து நின்றேன்.